உலோகத் தூளும் உயிரின் வேலையும்

முழங்காலிற் சிராய்ப்புடன் ஓடிவரும் சிறுவனின் காயத்தை ஐதரசன் பரவொட்சைட்டுக் கரைசலாற் கழுவும்போது வெண்ணுரை பொங்குவதை வாசகர் பலர் கண்டிருப்பர். மருந்து தானாக நுரைப்பதில்லை. போத்தலில் இருக்கும்வரை அது நீரைப்போல அமைதியாகவே இருக்கின்றது. குருதியிலும் இழையங்களிலும் உள்ள கற்றலேசு என்னும் நொதியமே அதனை நீராகவும் ஒட்சிசனாகவும் பிரிக்கின்றது. நாம் காணும் நுரை அவ்வொட்சிசனின் குமிழிகளே.

இதே கரைசலிற் பிளாற்றினத்தின் நுண்ணிய தூளைச் சிறிதளவு இட்டாலும் நுரை பொங்கும். பிளாற்றினத்துக்கு உயிர் இல்லை. அது குருதியும் அன்று. அவ்வாறாயின் உயிர்ப்பொருள் செய்யும் வேலையை உலோகம் எவ்வாறு செய்கின்றது? அதனினும் முக்கியமான வினா ஒன்று உண்டு. அவ்வேலை எவ்வளவு விரைவாக நடைபெறுகின்றது என்பதை அளப்பது எங்ஙனம்?

பிரெஞ்சு இரசாயன அறிஞர் தெனார் 1818 இல் ஐதரசன் பரவொட்சைட்டைக் கண்டுபிடித்தார். வெள்ளி, பிளாற்றினம் முதலிய உலோகங்களும் சில விலங்கிழையங்களும் அதனைச் சிதைப்பதை அவரே கவனித்தார். உலோகம் செலவாகவில்லை, ஆயினும் வேலை நடந்தது. இத்தகைய பொருளை நாம் இன்று ஊக்கி என்கிறோம்.

இதனைக் கண்ணாற் பார்த்து வியப்பதோடு நில்லாமல் அளந்து பார்க்க முற்பட்டவர் ஜேர்மனியரான கியோர்க் பிரேடிக். லைப்சிக் நகரில் ஒஸ்வால்டின் ஆய்வுகூடத்தில் அவர் பணியாற்றிய காலம் அது. குளிர்ந்த நீரினுள் இரு பிளாற்றினக் கம்பிகளை அருகருகே பிடித்து, அவற்றிடையே மின்வில்லை எழுப்பினார். உலோகம் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகச் சிதறி நீரிற் பரவியது. கருநிறமான அக்கூழ்க் கரைசலை ஐதரசன் பரவொட்சைட்டுடன் கலந்தார். குறித்த நேரத்துக்கு ஒருமுறை கலவையிற் சிறிதளவை எடுத்து, பொற்றாசியம் பரமங்கனேற்றால் நியமித்து, எஞ்சியிருந்த பரவொட்சைட்டின் அளவைக் குறித்துக்கொண்டார். நேரத்தோடு அது குறைந்த விதமே வேகத்தைக் காட்டிற்று.

1899 இல் வெளியான முடிவுகள் அறிஞரை வியக்க வைத்தன. ஏறத்தாழ 195 கிராம் பிளாற்றினத்தை 7 கோடி இலீற்றர் நீரிற் பரப்பினாலும் அதன் செயல் புலப்படும் என்று அவர் கணக்கிட்டார். வேறொரு செய்தி இன்னும் வியப்பானது. குருதியின் நொதியத்தை முடக்கும் ஐதரசன் சயனைட்டு, மிகச் சிறிய அளவிலேயே பிளாற்றினத்தையும் முடக்கியது! ஆகவே அவர் தம் உலோகக் கூழ்களுக்கு ‘அசேதன நொதியங்கள்’ என்று பெயரிட்டார்.

ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின்னர் இவ்வெண்ணம் புத்துயிர் பெற்றது. 2007 இல் சீன அறிஞர் யான் சியுன் அம்மையாரின் குழுவினர், இரும்பொட்சைட்டின் நானோத் துகள்கள் குதிரை முள்ளங்கியிலிருந்து பெறப்படும் பரவொட்சிடேசு நொதியம்போலத் தொழிற்படுகின்றன என்று அறிவித்தனர். நானோமீற்றர் என்பது ஒரு மில்லிமீற்றரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. தங்கம், பிளாற்றினம் முதலியவற்றின் துகள்களும் இன்று இவ்வாறே ஆராயப்படுகின்றன. இவற்றுக்கு நானோசைம் என்பது பெயர்.

இனி அளக்கும் முறையை நோக்குவோம். ரி.எம்.பி. எனச் சுருக்கமாக வழங்கும் நிறமற்ற பொருள் ஒன்று உண்டு. அதனுடன் ஐதரசன் பரவொட்சைட்டையும் துகள்களையும் சேர்த்தால், ரி.எம்.பி. ஒட்சியேற்றமடைந்து நீலநிறம் பெறுகின்றது. நிறம் எவ்வளவு விரைவாக அடர்கின்றதோ, ஊக்கி அவ்வளவு விரைவாக உழைக்கின்றது. ஆனால் கண் நல்ல சாட்சியன்று. ஆகவே 652 நானோமீற்றர் அலைநீளமுள்ள ஒளியைக் கரைசலினூடாகச் செலுத்தி, எவ்வளவு ஒளி உறிஞ்சப்பட்டது என்பதை நிறமாலை ஒளிமானியால் அறிகின்றனர்.

மாணவர்க்காக ஒரு கணக்கு. ஒளி செல்லும் பாதை ஒரு சதமமீற்றர். கரைசல் ஒரு மில்லிலீற்றர். அதிலுள்ள துகள்கள் 0.01 மில்லிகிராம். ஒரு நிமிடத்தில் அகத்துறிஞ்சல் 0.39 ஆல் உயர்ந்தது எனக் கொள்வோம். நீலப்பொருளுக்குரிய மாறிலி 39,000. முன்னதைப் பின்னதாற் பிரித்தால், நிமிடத்துக்கு இலீற்றருக்கு 10 மைக்குரோமூல் என்று வரும். ஒரு மில்லிலீற்றரில் அது 0.01 மைக்குரோமூல். நிமிடத்துக்கு ஒரு மைக்குரோமூல் விளைவைத் தருவது ஓர் அலகு. எனவே இத்துகளின் தொழிற்பாடு மில்லிகிராமுக்கு ஓர் அலகு. கணக்கு இவ்வளவே.

கணக்கு எளிது, அதனை நேர்மையாகச் செய்வதே அரிது. முதற் சில நிமிடங்களின் வேகத்தையே கொள்ளவேண்டும். நேரம் செல்லச் செல்லப் பொருள்கள் செலவாகி வேகம் தளர்ந்துவிடும். துகள் இல்லாமல் ஒருமுறையும், பரவொட்சைட்டு இல்லாமல் ஒருமுறையும் செய்து பார்த்தல் வேண்டும். துகளிலிருந்து கரைந்து வந்த உலோக அயன்களே நிறத்தை உண்டாக்கியிருக்கலாம் அன்றோ? ஆதலாற் துகள்களை வடித்து நீக்கி, எஞ்சிய தெளிந்த நீரையும் சோதித்தல் வேண்டும். வடித்த நீரும் நீலமாக மாறினால், துகளுக்குச் சூட்டிய புகழ் பொய்யாகிவிடும்.

பரவொட்சைட்டின் செறிவைக் கூட்டிக்கொண்டே போனால் வேகமும் கூடிக்கொண்டே போகுமா? போகாது. தபாற் கந்தோரில் முத்திரை விற்கும் யன்னல் ஒன்றே இருக்குமாயின், வரிசையில் பத்துப்பேர் நின்றாலும் நூறுபேர் நின்றாலும் ஒரு மணிக்கு விற்கும் முத்திரை ஓரளவுக்கு மேற் கூடாது. நொதியமும் அவ்வாறே. மைக்காயெலிஸ், கனடா நாட்டுப் பெண்மணியான மோட் மென்ரன் ஆகிய இருவரும் 1913 இல் இதனைச் சமன்பாடாக வகுத்தனர். உச்ச வேகத்திற் பாதியை அடைவதற்கு வேண்டிய செறிவு மைக்காயெலிஸ் மாறிலி எனப்படும். 2007 ஆம் ஆண்டின் ஆய்வில், பரவொட்சைட்டுக்கு இம்மாறிலி முள்ளங்கி நொதியத்தில் இலீற்றருக்கு 3.7 மில்லிமூல், இரும்பொட்சைட்டுத் துகளில் 154 மில்லிமூல். அஃதாவது, துகள் தன் பாதி வேகத்தை எட்டுவதற்கே நாற்பது மடங்குக்கு மேற்பட்ட செறிவு தேவைப்பட்டது.

ஒப்பிடுதலிலும் ஒரு பொறி உண்டு. ‘எங்கள் துகள் ஒன்று நொதிய மூலக்கூறு ஒன்றைவிடப் பன்மடங்கு வேகமானது’ என்று ஒருவர் எழுதக்கூடும். முள்ளங்கி நொதியத்தின் ஒரு மூலக்கூற்றில் வேலை செய்யும் இரும்பணு ஒன்றே. 5 நானோமீற்றர் விட்டமுள்ள பிளாற்றினத் துகளிலோ ஏறத்தாழ 4,000 அணுக்கள் உள்ளன. அவற்றில் ஐந்திலொரு பங்கு அளவு மேற்பரப்பில் நிற்கும். தனியொருவனைப் பெரும்படையோடு மோதவிட்டுப் படை வென்றது என்று முழங்குவது நியாயமாகுமா? நிறையளவிலோ மேற்பரப்பளவிலோ ஒப்பிடுவதே முறை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக அளந்தமையால் நேர்ந்த குழப்பத்தைக் குறைப்பதற்காக, யான் சியுன் குழுவினர் 2018 இல் பொதுவான அளவுமுறை ஒன்றை வகுத்து வெளியிட்டனர்.

இத்தனை நுணுக்கம் எதற்கு என்று வீட்டிலுள்ளோர் வினவலாம். நோயைக் கண்டறியும் கடதாசிப் பட்டிகளில் இத்துகள்கள் பயன்படத் தொடங்கியுள்ளன. எபோலா நோயைக் காட்டும் அத்தகைய பட்டி ஒன்றைப் பற்றிய ஆய்வு 2015 இல் வெளியாயிற்று. மங்கலான ஒரு கோடு தோன்றுவதும் தோன்றாமற் போவதும் துகளின் வேகத்தைப் பொறுத்தன. அவ்வேகத்தைத் தவறாகக் கணித்தவரின் பிழை அவருடைய குறிப்புப் புத்தகத்தோடு நின்றுவிடாது. நோயாளியின் படுக்கைவரை செல்லும்.

பிரேடிக்கின் பிற்காலத்தையும் சொல்லவேண்டும். கார்ல்ஸ்றூ நகரிற் பேராசிரியராக விளங்கிய அவரை, யூத மரபினர் என்ற காரணத்தால், 1933 இல் நாத்சி ஆட்சி பதவியிலிருந்து நீக்கிற்று. முதுமையில் நாட்டைவிட்டு வெளியேறி, ஒல்லாந்து வழியாக அமெரிக்காவை அடைந்து, 1944 இல் நியூயோர்க்கில் மறைந்தார். அவரிடமிருந்து பதவியைப் பறிக்க முடிந்தது; நாட்டையும் பறிக்க முடிந்தது. அவர் அளந்து எழுதிய எண்களை எவராலும் பறிக்க முடியவில்லை. அவை மெய்யாக இருந்தமையால் இன்றும் நிற்கின்றன.

மாணவர்களே, ஆய்வுகூடத்தில் எண் ஒன்றை எழுதும்போது அதன் அருகே வெப்பநிலை என்ன, பொருள் எவ்வளவு, எத்தனை முறை அளந்தீர்கள் என்பவற்றையும் எழுதிவையுங்கள். பின்னொரு நாள் உங்களை அறியாத ஒருவர் அதனைச் சரிபார்க்கக்கூடும். அவருக்கு நீங்கள் செய்யக்கூடிய மரியாதை அதுவே.