பச்சிளங் குழந்தைக்கு எத்தனை உடுப்பு?

தை மாதக் குளிர். இலண்டனில் ஒரு தமிழர் வீட்டில், பிறந்து பன்னிரண்டு நாளான குழந்தை ஓயாமல் அழுதது. மகளின் பிள்ளைப்பேற்றுக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த அம்மம்மா, பிள்ளைக்குக் குளிர்கிறதென்று கம்பளிச் சட்டைக்கு மேல் இன்னொரு கம்பளிச் சட்டையைப் போட்டார். தலையில் தொப்பி, கைக்கு உறை, காலுக்கு மேசு, எல்லாவற்றுக்கும் மேல் இரண்டாய் மடித்த போர்வை. அறையில் ஹீற்றர் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மா, வீட்டுக்குள்ளை இவ்வளவும் வேண்டாம்" என்றாள் மகள்.

"உனக்கென்ன பிள்ளை தெரியும்? வெளியிலை பனி கொட்டுது" என்றார் தாய்.

அன்று குழந்தையைப் பார்க்க வந்த ஹெல்த் விசிற்றர் தாதி, சட்டைக்குள் கையை விட்டு முதுகைத் தொட்டுப் பார்த்தார். முதுகு சுட்டது. தொப்பியைக் கழற்றினார், தலைமயிர் வியர்வையில் நனைந்திருந்தது. போர்வையையும் கம்பளிச் சட்டைகள் இரண்டையும் எடுத்தபின் சிறிது நேரத்தில் அழுகை நின்றது. குழந்தை பால் குடித்து உறங்கியது.

அம்மம்மாவின் அக்கறையில் பிழையில்லை. ஊரில் கதவும் சன்னலும் திறந்தே கிடக்கும். வீட்டின் உள்ளும் புறமும் ஒரே காலநிலைதான். வெளியே பார்த்துப் பிள்ளைக்கு உடுத்தினால் சரியாக இருக்கும். குளிர்நாட்டில் சுவருக்கு அப்பால் ஒரு காலநிலை, இப்பால் வேறொரு காலநிலை. ஆகவே நாட்காட்டியையோ சன்னலையோ பார்த்து உடுத்தலாகாது. குழந்தை கிடக்கும் அறையைப் பார்த்தே உடுத்தவேண்டும்.

இதில் கவனம் வேண்டியதற்குக் காரணம் உண்டு. குழந்தையின் தலை உடம்பின் அளவுக்குப் பெரியது. மேலதிகச் சூடு பெரும்பாலும் தலைவழியாகவே வெளியேறுகிறது. தொப்பி அவ்வழியை அடைத்துவிடும். பிறந்த முதற் சில மணிநேரம் ஆஸ்பத்திரியில் தொப்பி போடுவது வேறு விடயம். வீட்டில் உறங்கும்போது தொப்பி கூடாது. அளவுக்கு மீறிய சூடு, தொட்டில் மரணம் எனப்படும் திடீர்ச் சிசு மரணத்துக்கான ஆபத்தைக் கூட்டுகிறது. குழந்தையை மல்லாக்கக் கிடத்தும்படியும், அதிகம் போர்க்க வேண்டாமென்றும் 1991 ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் பெரும் பிரசாரம் தொடங்கியது. அதன்பின் இம்மரணங்கள் வெகுவாகக் குறைந்தன.

உறங்கும் அறையின் வெப்பநிலை 16 முதல் 20 பாகை செல்சியஸ் வரை இருப்பது நன்று. அந்த அறையில் பெரியவர் ஒருவர் அணிவதிலும் ஓர் உடுப்பு கூடுதலாக இருந்தால் போதும். கையும் காலும் சில்லென்றிருப்பது பச்சிளங் குழந்தைக்கு இயல்பு. அதைக்கொண்டு முடிவு செய்யக்கூடாது. மார்பை அல்லது பிடரியைத் தொட்டுப் பார்க்கவேண்டும். சூடாகவோ ஈரமாகவோ இருந்தால் ஓர் உடுப்பைக் குறைக்கலாம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு உடல்வெப்பம் 38 பாகை அல்லது அதற்கு மேல் இருந்தாலும், குழந்தை பால் குடியாமல் சோர்ந்து கிடந்தாலும் உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும். உடுப்பைக் கழற்றிவிட்டுக் காத்திருக்கலாகாது.

இனி, வாங்கும் விடயம். காலுறையோடு சேர்ந்த பருத்தி முழுச்சட்டை ஆறு, உட்சட்டை நான்கு, மெல்லிய மேற்சட்டை இரண்டு, ஒரு போர்வை, வெளியே போகும்போது ஒரு தொப்பி. தொடக்கத்துக்கு இவை போதும். ஐந்து மாதமளவில் குழந்தையின் நிறை இரட்டிக்கும். ஆகையால் மிகச்சிறிய அளவில் அதிகம் வாங்குவது வீண். முன்பக்கம் அழுத்துப் பொத்தான் உள்ளவை இரவில் நாப்பி மாற்ற உதவும். தோளில் மடிப்புள்ள உட்சட்டையைக் காற்பக்கமாகவும் உருவி எடுக்கலாம். மலம் கசிந்த நேரத்தில் அதன் அருமை தெரியும். மேசையும் கையுறையையும் உட்புறம் திருப்பிப் பார்ப்பது அவசியம். அறுந்த நூலோ தலைமயிரோ விரலைச் சுற்றி இறுக்கினால் இரத்தோட்டம் தடைப்படும்.

பெட்டியில் பூச்சியுருண்டை போட்டுப் பல காலம் வைத்திருந்த உடுப்பையும் போர்வையையும் பச்சிளங் குழந்தைக்குப் பயன்படுத்த வேண்டாம். அவ்வுருண்டைகள் பலவற்றிலுள்ள நப்தலின் என்னும் பொருள், ஜீ6பீடி என்னும் நொதியம் குறைந்த குழந்தைகளின் குருதிக் கலங்களைச் சிதைத்துக் கடும் மஞ்சட்காமாலையை உண்டாக்கக்கூடியது. இக்குறைபாடு நம்மவரிடையேயும் உண்டு.

முப்பத்தொராம் நாள் சடங்குக்குப் போடும் பஞ்சாயுதமும் சங்கிலியும் அழகுதான். படம் எடுத்தபின், குழந்தை உறங்குமுன், கழுத்திலிருந்து கழற்றிவிடவேண்டும். கோயிலுக்குக் காரில் கொண்டுவரும்போது தடித்த கோட்டோடு ஆசனத்தில் கட்டினால் பட்டி சரியாக இறுகாது. கோட்டைக் கழற்றி, பட்டியை இறுக்கி, அதன்மேல் போர்வையைப் போர்க்கலாம். மண்டபத்துக்குள் வந்ததும் போர்வையையும் தொப்பியையும் எடுத்துவிடவேண்டும், குழந்தை உறங்கிக்கொண்டிருந்தாலும்.

அந்த அம்மம்மா ஊரிலிருந்து தம் பழைய பருத்தி வேட்டிகளைத் துவைத்துக் கிழித்து, மடித்துக் கொண்டுவந்திருந்தார். தாதி அவற்றைத் தொட்டுப் பார்த்து, கடையில் வாங்கியவற்றிலும் இவை மென்மையாக இருக்கின்றன என்றார். தாய்க்கு மகள் அதை மொழிபெயர்த்துச் சொன்னாள். அன்றிரவு அம்மம்மா தொப்பியைத் தாமே அலுமாரிக்குள் வைத்தார். பின்பு குழந்தையின் பிடரியைத் தொட்டுப் பார்த்து, "இப்ப சரி" என்றார்.