ஏறுவதல்ல, இறங்குவதே திறமை!

மலைச்சாலையில் சைக்கிளில் ஏறியவரைத்தான் எல்லோரும் பாராட்டுகிறோம். பத்திரமாக இறங்கியவரையே பாராட்ட வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏறும்போது களைத்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கலாம். இறங்கும்போது நிலைமை வேறு. நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 60 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 மீட்டர் உயரம் இறங்கினால் சுமார் 58,800 ஜூல் நிலை ஆற்றல் வெளிப்படும். ஒரு தம்ளர், அதாவது 200 மில்லி லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குச் சூடாக்க இது போதும்! மெதுவாக இறங்கினால், இதில் பெரும்பகுதியைப் பிரேக் கட்டைகளும் ரிம்மும் உராய்ந்து வெப்பமாக்க வேண்டும். பிரேக் பிடிக்காவிட்டால் வேகம் கூடும். வேகம் இருமடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். அதே பிரேக்கில் நிற்க நான்கு மடங்கு தூரம் வேண்டும். வளைவில் அவ்வளவு தூரம் ஏது?

"பிரேக் எதற்கு? காலைத் தேய்த்து நிறுத்திவிடுவேன்" என்பார் சிலர். சமதரையில் அது நடக்கலாம். மலையில் உங்கள் செருப்பு இத்தனை ஆற்றலையும் தாங்குமா? சாலையில் வண்டிகள் இல்லை என்பதும் துணை ஆகாது. பள்ளம் அங்கேயேதான் இருக்கிறது.

ஆகவே, புறப்படும் முன் பிரேக் கட்டைகளைப் பாருங்கள், தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். மழையில் ரிம் நனைந்தால் பிடிப்பு குறையும்; அப்போது வண்டியைத் தள்ளிக்கொண்டே இறங்குங்கள். அதில் வெட்கம் எதுவுமில்லை. இயற்கை விதியை மதிப்பவர் கோழை அல்லர்!