கோல்ட்விங்கும் பத்து வருடக் கணக்கும்

நல்ல பைக் எது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். "கெட்டுப்போகாத பைக் எது?" என்று அமெரிக்காவில் நெடுந்தூரம் ஓட்டுபவர்களைக் கேட்டால் அடிக்கடி காதில் விழும் பெயர் ஹோண்டா கோல்ட்விங். 1975 மாடலாக வந்த ஜிஎல்1000 தொடங்கி இன்றைய 1833 சிசி, ஆறு சிலிண்டர் வண்டி வரை அரை நூற்றாண்டுப் பெயர் அது. விலையும் லேசுப்பட்டதல்ல. புதிதாக வாங்க 25,000 டாலர் அளவுக்கு எடுத்து வைக்க வேண்டும். கார் வாங்கும் காசு!

இவ்வளவு பணம் கொடுப்பவர் எதை நம்பிக் கொடுக்கிறார்? பெரும்பாலும் இரண்டை. ஒன்று, வண்டி வந்த புதிதில் பத்திரிகைகள் எழுதும் விமர்சனம். இன்னொன்று, "என் வண்டி இரண்டு லட்சம் மைல் ஓடிவிட்டது, ஒரு குறையும் இல்லை" என்று பெருமையோடு சொல்லும் ஒரு பெரியவரின் சாட்சி. நீண்டகால உழைப்பை அளக்க இரண்டுமே போதாது.

விமர்சனம் எழுதுபவர் வண்டியைச் சில நாட்கள், மிஞ்சிப்போனால் ஒரு வருடம் ஓட்டுகிறார். சீட் சுகமா, வளைவில் எப்படித் திரும்புகிறது என்று சொல்லலாம். பத்தாவது வருடம் பிரேக் எப்படி இருக்கும் என்று அவரால் சொல்ல முடியுமா? பெரியவர் சொல்வது உண்மைதான். ஆனால் பாதியில் படுத்துவிட்ட வண்டிக்காரர் அதை விற்றுவிட்டுப் போய்விட்டார், அவர் குரல் கேட்பதே இல்லை. முதல் மார்க் வாங்கியவனை மட்டும் விசாரித்துவிட்டு, கேள்வித்தாள் சுலபம் என்று முடிவு கட்டுவது போலத்தான் இது.

சரி, புள்ளிவிவரம் என்ன சொல்கிறது? கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் 2015-ல் ஒரு கணிப்பு வெளியிட்டது. நான்கு வருடம் ஆன வண்டிகளில் பெரிய பழுது வருவது யமஹாவில் 11 சதவீதம், ஹோண்டாவில் 12, ஹார்லி டேவிட்சனில் 26, பிஎம்டபிள்யூவில் 40. ஆனால் மறுபடியும் இதே கம்பெனி வண்டியை வாங்குவீர்களா என்று கேட்டபோது, ஹார்லிக்காரர்களில் 72 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள், ஹோண்டாக்காரர்களில் 70. ஆக, பிரியம் வேறு, உழைப்பு வேறு. சொந்தக்காரரின் பாராட்டை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

இந்தக் கணக்கிலும் ஒரு குறை உண்டு. இது கம்பெனிக்கு மார்க் போடுகிறது, மாடலுக்கு அல்ல. அதுவும் நான்கு வருடத்துக்குத்தான். டூரிங் பைக்கை பதினைந்து, இருபது வருடம் வைத்திருப்பவர்கள் உண்டு.

கோல்ட்விங்கையே பாருங்கள். ஜிஎல்1800 மாடல் 2001-ல் வந்தது. 2011 டிசம்பரில், 2001 முதல் 2010 வரையிலான மாடல்களையும் 2012 மாடலையும் சேர்த்து, அமெரிக்காவில் சுமார் 1,26,000 வண்டிகளை ஹோண்டா திரும்ப அழைத்தது. காரணம், பிரேக்கை விட்ட பிறகும் பின் பிரேக் முழுதாக விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கலாம். அப்படியே ஓட்டினால் சூடேறித் தீப்பிடிக்கும் அபாயம். இதே பிரச்சினைக்காக 2014-ல் மறுபடியும் அழைக்க வேண்டி வந்தது. 2001-ல் எழுதிய எந்த விமர்சனத்திலாவது இது இருந்திருக்க முடியுமா?

அடுத்தது ஏர்பேக். 2006-ல் இது கோல்ட்விங்கில் வந்தபோது உலகமே வியந்தது. அதற்குள் இருந்தது தகாட்டா நிறுவனத்தின் இன்ஃப்ளேட்டர். அதன் வெடிமருந்து வெயிலிலும் ஈரப்பதத்திலும் வருடக்கணக்கில் கெட்டு, ஏர்பேக் விரியும்போது உலோகத் துண்டுகளை வீசக்கூடும் என்று பின்னால் தெரிந்து, அந்த வண்டிகளும் திரும்ப அழைக்கப்பட்டன. கொட்டகையில் சும்மா நின்ற வண்டிக்கும் இதே கதிதான். ஓடோமீட்டரைப் பார்த்து என்ன பயன்?

இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கெட்டால் சரிசெய்ய எவ்வளவு பாடு? 1984 முதல் 1987 வரை வந்த ஜிஎல்1200-ல் ஸ்டேட்டர் போய்விட்டால் இன்ஜினையே கழற்றி இறக்க வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்! 1988-ல் வந்த ஜிஎல்1500-ல் ஆல்டர்னேட்டரை வெளிப்பக்கமாகவே கழற்றி மாற்றும்படி செய்துவிட்டார்கள். கெடாமல் இருப்பது பாதி உழைப்பு, கெட்டால் எளிதில் சரியாவது மீதிப் பாதி.

அப்படியானால் கோல்ட்விங் மோசமான வண்டியா? இல்லவே இல்லை. குறை தெரிந்ததும் அழைத்து, இலவசமாகச் சரிசெய்து, பழைய மாடலுக்கும் பாகம் கிடைப்பது பெரிய விஷயம். தவறு, பெயரை மட்டும் நம்புவதில் இருக்கிறது. 2018-ல் இன்ஜின், முன் சஸ்பென்ஷன் எல்லாம் புதிதாக மாறின. பழைய மாடல் சம்பாதித்த மார்க்கைப் புதியதற்கு அப்படியே போட்டுவிட முடியாது. வாங்குபவர் கேட்க வேண்டியவை நான்கு: இந்த வடிவமைப்பு சாலைக்கு வந்து எத்தனை வருடம் ஆகிறது? திரும்ப அழைத்த வேலைகள் இந்த சேஸிஸ் எண்ணுக்கு முடிந்துவிட்டனவா? பாகம் என்ன விலை, மாற்ற எத்தனை மணி நேரம்? டயரும் ரப்பர் குழாய்களும் எந்த வருடத்தவை?

நெவாடா பாலைவனத்தில், அடுத்த ஊர் எண்பது மைல் தள்ளி இருக்கும்போது, பின்சீட்டில் மனைவியோடு போகிறவருக்கு இது வெறும் பணக் கணக்கு அல்ல. மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்பார்கள். பொன்னா என்று தெரிய உரசிப் பார்க்க ஒரு கல் வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு அந்தக் கல், காலம்தான்.