ஓடாத இடத்து ஓடும் சொல்

ஆங்கிலத்தில் மூன்றே எழுத்தாலான ‘றன்’ என்னும் சொல்லுக்குப் பொருள் யாதென வினவின், நம் மாணவர் எவரும் தயங்காது ‘ஓடு’ என விடை பகர்வர். விடை பிழையன்று. ஆயினும், அவ்வளவில் அமைந்துவிடுவோர் அச்சொல்லின் வாயிலில் நிற்பவரேயன்றி உள்ளே புகுந்தவரல்லர்.

1989 ஆம் ஆண்டு வெளிவந்த ஒக்ஸ்போர்ட் ஆங்கிலப் பேரகராதியின் இரண்டாம் பதிப்பிலே மிக நீண்ட விளக்கம் பெற்றிருந்தது ‘செற்’ என்னும் சொல். பிற்காலத் திருத்தத்திலே ‘றன்’ அதனை விஞ்சிவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்கள் வகுக்கப்பட்டுள்ளன.

ஆறு ஓடுகிறது என்பதில் இடரில்லை. இரு மொழியும் ஒத்துப்போகின்றன. மூக்கோ தமிழில் ஒழுகும். துணியின் சாயம் கரையும். கடையை ஒருவர் நடத்துவார். குத்தகை இத்தனை ஆண்டு செல்லும். பத்திரிகை செய்தியை வெளியிடும். இத்தனைக்கும் ஆங்கிலேயர் அந்த ஒரு சொல்லையே ஆள்வர்.

தேர்தலுக்கு வருவோம். அமெரிக்காவிலே வேட்பாளர் ‘ஓடுகிறார்’. இங்கிலாந்திலே அவர் ‘நிற்கிறார்’. தமிழரும் தேர்தலில் நிற்பவரே. ‘சனாதிபதிப் பதவிக்கு ஓடுகிறார்’ என எழுதுபவர் அமெரிக்க வழக்கையும் அறிந்திலர், தம் வீட்டு வழக்கையும் மறந்தார். 2007 ஆம் ஆண்டு பிரித்தானியாவின் நோதேர்ன் றொக் வங்கியின் வாயில்களில் வைப்பாளர் வரிசை வரிசையாக நின்றனர். ஒருவரும் ஓடவில்லை, அதற்கும் ஆங்கிலத்தில் ‘றன்’ என்றே பெயர்! ‘வங்கி ஓட்டம்’ என அதனைப் பெயர்த்தால், வங்கியே ஓடிப்போயிற்றென வாசகர் கருதுவர். வைப்பாளர் யாவரும் ஒருங்கே பணத்தை மீளப்பெற முண்டியடித்தனர் என விரித்தெழுதுவதில் இழுக்கொன்றுமில்லை.

இதனால் நம்மொழி வறியதென எண்ணற்க. தமிழிலே கடிகாரம் ஓடும், படம் ஓடும், கவலையுற்றவனுக்கு ஒன்றுமே ஓடாது. இக்கடைசி ஓட்டத்தை ஆங்கிலத்தில் அச்சொல்லாற் சொல்லிப் பார்க்கட்டும்! திருக்குறளின் 58 ஆம் அதிகாரத்தின் பெயர் கண்ணோட்டம். அங்கே அது இரக்கம். இன்றைய கட்டுரைகளிலோ அது நோக்குநிலை. இவ்வேறுபாட்டை அறியாத மாணவன் அவ்வதிகாரத்தை எங்ஙனம் விளங்கிக்கொள்வான்?

ஓர் ஆங்கிலச் சொல், எதிரே ஒரு தமிழ்ச் சொல் எனப் பட்டியலிட்டு மனனஞ் செய்விக்கும் முறையை ஆசிரியர்கள் கைவிடல் வேண்டும். அவ்வாறு பயின்றவரே நாளை நமது மொழிபெயர்ப்பாளர். அவர் கைப்படும் செய்தியும், சட்டமும், பாடநூலும் அவர் கற்ற பட்டியலின் அளவினவே. பட்டியலுக்கு மாறாக, அச்சொல் வரும் ஐந்து வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதி, அகராதியைத் தொடாமலே தமிழில் எழுதுமாறு பணிக்கலாம். ‘ஓடு’ என்பது வராத விடைகளை எடுத்து, ஏன் வரவில்லை என மாணவரையே விளக்கச் செய்க.