தீவுகளின் உணவுப் பாதுகாப்பும் உணவு விரயமும்: ஒரு நிலைப்பாட்டு அறிக்கை

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் உணவுப் பற்றாக்குறையும் உணவு விரயமும் வெவ்வேறு துறைகள் தனித்தனியே கவனிக்கும் சிக்கல்களாக இருத்தல் கூடாது என்பதும், கைக்கு வந்த உணவைக் கெடாமல் காப்பது புதிதாக விளைவிப்பதற்கு நிகரான கடமை என்பதும் இவ்வமைப்பின் நிலைப்பாடாகும்.

போதிய, சத்தான உணவு கட்டுப்படியாகும் விலையில் எந்நாளும் கிடைக்கும் என்ற உறுதியற்ற நிலையே உணவுப் பாதுகாப்பின்மை எனப்படுகிறது. அறுவடைக்குப் பின் கடையை எட்டுமுன் கெடுவது உணவு இழப்பு. கடையிலும் விடுதியிலும் வீட்டிலும் வீசப்படுவது உணவு விரயம்.

நிலப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் காடாக இருப்பதால் இத்தீவுகளில் விளைநிலம் குறைவு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியதோடு நிலநடுக்கத்தால் தென் அந்தமானில் தரையும் தாழ்ந்ததால், சிப்பிகாட் போன்ற இடங்களில் வயல்கள் மீளாதபடி உப்புநீரில் மூழ்கின. எனவே அரிசி, பருப்பு, வெங்காயத்தின் பெரும்பகுதி சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வருகிறது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டரை ஏறக்குறைய மூன்று நாளில் கடந்துவரும் சரக்கில் உருளைக்கிழங்கு தாக்குப்பிடிக்கும். தக்காளியும் கீரையும் புழுக்கத்தில் அழுகத் தொடங்கும். உள்ளூர் விளைச்சலுக்கும் இடர் உண்டு: தென்மேற்குப் பருவக்காற்றில் படகுகள் நின்றுவிட்டால், நீல் தீவு எனப்பட்ட ஷஹீத் தீவின் ஜெட்டியில் காய்கறி வாடிக்கிடக்க, போர்ட் பிளேர் எனப்பட்ட ஸ்ரீ விஜய புரத்தின் சந்தையில் அதே காய்க்கு விலை ஏறும்.

இறக்குமதியை நம்பி வாழும் அரபு நாடுகளும் இதே முடிச்சை அவிழ்க்க முயல்கின்றன. 2022இல் உக்ரைன் போர் மூண்டபோது கோதுமைக்காகத் தவித்த எகிப்து, வெளிவரத்தை மட்டும் நம்புவதன் ஆபத்தை உணர்த்தியது. ஐக்கிய அரபு அமீரகமோ அதே ஆண்டில் தொடங்கிய ‘நிஃமா’ திட்டத்தின் வழி, உணவு இழப்பையும் விரயத்தையும் 2030க்குள் பாதியாக்க இலக்கு வகுத்தது.

ஆகவே நிர்வாகத்திடம் இவ்வமைப்பு நான்கு கோரிக்கைகளை முன்வைக்கிறது. முதலாவதாக, திக்லிப்பூரிலும் ஷஹீத் தீவிலும் விவசாயிகள் குறைந்த வாடகையில் பயன்படுத்தத்தக்க குளிர்பதனக் கிடங்குகள் வேண்டும். இரண்டாவதாக, தீவிடைக் கப்பல்களில் காய்கனிகளுக்கு முன்னுரிமை இடம் ஒதுக்கப்பட வேண்டும். மூன்றாவதாக, மழைக்காலத்துக்கு முன்பே கச்சால் போன்ற தொலைதீவுகளின் ரேஷன் கடைகளில் கையிருப்பு நிறைய வேண்டும். நான்காவதாக, உபரி உணவை மீட்டுப் பகிர்வதற்கான 2019ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளைச் சுற்றுலா விடுதிகளில் முழுமையாக நடைமுறைப்படுத்துவதோடு, வீணாகும் உணவின் அளவை ஆண்டுதோறும் வெளியிடவும் வேண்டும். அளவு தெரிந்தால்தான் நிர்வாகத்தைப் பொறுப்பேற்கச் செய்ய மக்களுக்கு வழி பிறக்கும்.