கத்தி பட்டால் பரவுமா?

"ஸ்கேன்லயே மூளைல கட்டின்னு தெரிஞ்சிருச்சே சார், அப்புறம் எதுக்கு பயாப்ஸி? கத்தி பட்டா பரவிடும்ங்கறாங்க." பழைய மாணவர்கள் இதுவரை மூன்று பேராவது என்னிடம் இப்படிக் கேட்டிருக்கிறார்கள். நான் மருத்துவன் அல்ல, அறிவியல் வாத்தியார். ஆனாலும் இந்தப் பேச்சைக் கேட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டியின் இடம், அளவு, சுற்றியுள்ள வீக்கம் எல்லாம் தெரியும். சில கட்டிகளுக்கு அதுவே போதும். மூளையுறையில் வரும் சிறிய மெனிஞ்சியோமாவைச் சதை எடுக்காமலே, அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கவனித்து வருவார்கள். ஆனால் படம் ஏமாற்றவும் செய்யும். நம் நாட்டில் இதை அழுத்தியே சொல்ல வேண்டும். காசநோய் மூளைக்குள் உருண்டையாகத் திரண்டு நிற்கும். நாடாப்புழுவின் லார்வா போய்த் தங்கினாலும் கட்டி போலவே தெரியலாம். சீழ்க்கட்டியும் அப்படித்தான். காசநோய்க் கட்டி, மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலும் கரையக்கூடியது. அதைப் புற்றுநோய் என்று முடிவுகட்டி ஆளை வீட்டில் படுக்கப் போட்டால் யாருக்கு நஷ்டம்?

சரி, புற்றுநோயே என்றாலும் எந்த வகை? உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாட்டின்படி, பல கட்டிகளுக்கு நுண்ணோக்கியில் பார்ப்பது மட்டும் போதாது. ஐ.டி.எச். மரபணு மாறியிருக்கிறதா என்பது போன்ற சோதனைகளையும் செய்துதான் பெயர் வைக்கிறார்கள். பெயர் மாறினால் சிகிச்சை மாறும், நோயாளி வாழும் காலமும் மாறும். அந்தச் சோதனைக்குச் சதை வேண்டும். லிம்ஃபோமா என்று சந்தேகம் வந்தால், முடிந்தவரை பயாப்ஸிக்கு முன் ஸ்டீராய்டு கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் கட்டி சுருங்கி, சோதனையில் பிடிபடாமல் போகலாம். "மருந்தே தர மாட்டேங்கறாங்க" என்று சண்டைக்குப் போகுமுன் காரணத்தைக் கேளுங்கள்.

ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. மண்டையோட்டில் சிறு துளையிட்டு ஊசி செலுத்தும்போது சிலருக்கு ரத்தக்கசிவு வரலாம். வயதையும் கட்டி இருக்கும் இடத்தையும் பார்த்து மருத்துவரே வேண்டாம் என்பதும் உண்டு. அது நியாயமான தயக்கம். "பரவிடும்" என்பது அப்படியல்ல. மூளைத் திசுவிலேயே தோன்றும் கட்டிகள் உடலின் மற்ற இடங்களுக்குப் பரவுவது அபூர்வம்.

மருத்துவர்கள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. கையெழுத்துத் தாளை நீட்டி இரண்டு நிமிடம் பேசிவிட்டுப் போனால், ஜனங்கள் பக்கத்துக் கட்டில்காரரிடம்தான் விளக்கம் கேட்பார்கள்.

இன்னொன்று. எடுத்த சதையை மெழுகில் பதித்து 'பிளாக்' என்று பத்திரமாக வைத்திருப்பார்கள். முடிவில் சந்தேகம் இருந்தால் அதைக் கேட்டு வாங்கி, வேறொரு பெரிய மருத்துவமனையில் காட்டலாம். அதற்காக மறுபடி தலையில் துளைபோட வேண்டியதில்லை.