அப்பா ஏன் இப்படி மாறிப்போனார்?

ஆயுசு முழுக்க பஸ்ஸில் மீதிச் சில்லறையைக்கூட எண்ணி வாங்கிய மனிதர். கை நடுக்கத்துக்கு மாத்திரை சாப்பிட ஆரம்பித்து ஒன்றரை வருஷம் ஆகியிருக்கும். இப்போது ராத்திரி இரண்டு மணிக்குப் போர்வைக்குள் செல்போன் வெளிச்சம். சேமிப்புக் கணக்கு கரைந்துகொண்டிருக்கிறது. 'இந்த வயசுல இவருக்குப் புத்தி இப்படிப் போச்சே' என்று வீடு தலையில் அடித்துக்கொள்ளும். விஷயம் தெரிந்த நரம்பியல் மருத்துவரிடம் இதைச் சொன்னால், அவர் முதலில் கேட்பது, "என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" என்றுதான்.

பார்கின்சன் நோயில் மூளையின் அடிப்பகுதியில் டோபமைன் சுரக்கும் செல்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. நடுக்கம், விறைப்பு, நடையில் தடுமாற்றம் எல்லாம் அதனால் வருபவை. டோபமைனை நேரடியாகக் கொடுத்துப் பயனில்லை, ரத்தத்திலிருந்து அது மூளைக்குள் நுழையாது. லெவோடோபா நுழையும், உள்ளே போய் டோபமைனாக மாறும். 1950-களில் ஸ்வீடன் விஞ்ஞானி அர்விட் கார்ல்சன், டோபமைன் வற்றியதால் அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு இதைக் கொடுத்து எழுந்து ஓட வைத்தார். 2000-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் ஊர்ப் பெருமை ஒன்றும் இதில் உண்டு. பூனைக்காலி விதையில் லெவோடோபா இருப்பதை 1937-லேயே சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இரு ஆய்வாளர்கள் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அதற்காக, மாத்திரையோடு பூனைக்காலிப் பொடியையும் சேர்த்துச் சாப்பிடாதீர்கள். மருந்தின் அளவு கூடிப்போகும்.

லெவோடோபாவுக்குப் பிறகு வந்தவை பிராமிபெக்சால், ரோபினிரோல் போன்ற மாத்திரைகள். இவை டோபமைனாக மாறுவதில்லை. டோபமைன் போலவே நடித்து, அது தொட வேண்டிய இடங்களைத் தாங்களே தொடுகின்றன. உடல் அசைவுக்கு நல்ல பலன் உண்டு. ஆனால், அந்த இடங்கள் அசைவைப் பார்த்துக்கொள்ளும் பகுதியில் மட்டுமா இருக்கின்றன? ஆசையையும் எதிர்பார்ப்பையும் கவனிக்கும் பகுதியிலும் இருக்கின்றன. இந்த மருந்துகள் அங்கேயும் பலமாகவே ஒட்டிக்கொள்கின்றன.

டோபமைனை 'சந்தோஷ ஹார்மோன்' என்று வாட்ஸ்அப்பில் பாடம் எடுக்கிறார்கள். எனக்கு அந்தப் பெயரில் உடன்பாடில்லை. 'இது வேண்டும், இன்னொரு தடவை' என்று நம்மை உந்துவதுதான் அதன் முக்கிய வேலை. எதிர்பாராமல் லாபம் வந்தால் மூளையில் டோபமைன் எகிறும். எதிர்பார்த்தது கிடைக்காவிட்டால் இறங்கும். அந்த இறக்கம்தான் 'போதும், நிறுத்து' என்று நமக்குச் சொல்கிறது. மாத்திரை நாள் முழுக்க அதே இடத்தைத் தூண்டிக்கொண்டிருந்தால், தோற்றாலும் அந்த இறக்கம் உறைப்பதில்லை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

2005-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள், இந்த வகை மருந்து எடுத்தபோது சூதாட்டத்தில் விழுந்த 11 பார்கின்சன் நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அடுத்து, 3,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்து 2010-ல் வெளியான ஆய்வில், இந்த மருந்து எடுப்பவர்களில் சுமார் 17 சதவிகிதம் பேருக்கு அடக்க முடியாத பழக்கம் ஏதாவது ஒன்று இருந்தது. சூதாட்டம், தேவையில்லாத ஷாப்பிங், கட்டுக்கடங்காத சாப்பாடு, மிதமிஞ்சிய பாலுணர்வு ஆகிய நான்கையும் அதில் கணக்கெடுத்தார்கள்.

கடைசியாகச் சொன்னதுதான் வீடுகளில் அதிகம் மறைக்கப்படுகிறது. அறுபத்தைந்து வயதில் கணவர் இப்படித் தொந்தரவு செய்கிறார் என்று அம்மா யாரிடம் போய்ச் சொல்வார்? மகளிடமா, மருமகளிடமா? அப்பாவும் வெட்கத்தில் டாக்டரிடம் வாயைத் திறக்க மாட்டார். ஐந்து நிமிட செக்கப்பில் டாக்டரும் நடுக்கத்தைப் பற்றி மட்டும் கேட்டு அனுப்பிவிடுவார். அதனால், கூடப் போகிறவர்தான் பேச வேண்டும். அவர் முன்னால் பேசக் கூச்சமாக இருந்தால், ஒரு துண்டுச் சீட்டில் எழுதி முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். நோய் இளவயதிலேயே வந்தவர்கள், குடும்பத்தில் குடியோ சூதாட்டமோ இருந்தவர்கள் என்றால், மருந்து ஆரம்பிக்கும் அன்றே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

பார்கின்சன் இல்லாதவர்களும் இதைப் படிக்க வேண்டும். ராத்திரியில் கால் குடைச்சல் தாங்காமல் தவிப்பவர்களுக்கும் இதே மாத்திரைகளைக் குறைந்த அளவில் தருகிறார்கள். மனநோய்க்குத் தரப்படும் அரிப்பிபிரசோல் மருந்து பற்றியும் 2016-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதேபோல எச்சரித்தது.

இதைப் படித்துவிட்டு இன்றைக்கே மாத்திரையைப் பிடுங்கி ஒளித்து வைத்துவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் பதற்றம், மனச்சோர்வு, வலி என்று வேறு அவஸ்தைகள் வரும். உடம்பு விறைத்துப்போய்ப் படுக்கையிலும் விழலாம். டாக்டர் அளவைப் படிப்படியாகக் குறைத்து, தேவைப்பட்டால் லெவோடோபாவைக் கூட்டி ஈடுகட்டுவார். பலருக்கு அந்த வெறி அடங்கிவிடுகிறது. அதுவரை ஏ.டி.எம். கார்டும், செல்போனில் பணம் அனுப்பும் வசதியும் வீட்டில் வேறொருவர் கையில் இருக்கட்டும். அதை அப்பாவிடம் சொல்லும்போது, 'உங்க மேல நம்பிக்கை இல்லை' என்று ஆரம்பிக்காமல், 'இந்த மாத்திரை இப்படிப் பண்ணுமாம்ப்பா' என்று ஆரம்பியுங்கள்.